கொழுப்புக் குமிழியில் மருந்து புகுந்த வரலாறு

நோயுற்ற இடத்தையே மருந்து சென்றடைதல் வேண்டும். நலமுற்ற உறுப்புக்கள் அதன் கடுமைக்கு ஆளாதல் கூடாது என்பது வைத்திய உலகின் நெடுநாளைய அவா. இதற்கு மருந்தைச் சுமந்து செல்லும் நுண்ணிய கொள்கலமொன்று தேவைப்பட்டது. கொள்கலம் எதிர்பாராது கிடைத்தது. அதனைச் செவ்வனே நிரப்பும் வழி புலப்படவோ மேலும் கால் நூற்றாண்டு சென்றது.

1961ஆம் ஆண்டில், கேம்பிறிட்ஜ் நகரை அடுத்த பேபிரகாம் ஆராய்ச்சி நிலையத்தில், அலெக் பாங்கம் என்னும் குருதியியல் அறிஞர் புதியதோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். முட்டை மஞ்சட்கருவில் உள்ளது போன்ற பொசுபோலிப்பிட்டு என்னும் கொழுப்பு நீருடன் கூடியவழி, தானே படலமாகச் சுருண்டு, நீரை உள்ளடக்கிய குமிழிகளாதலை அவர் கண்டார். இவையே பின்னர் இலிப்பொசோம் எனப் பெயர் பெற்றன. பாங்கம் ஆராய்ந்தது சவ்வின் இயல்பையே, மருந்தை அன்று. 1971இல் இலண்டனில் கிரெகோரி கிரெகோரியாடிஸ், பிரெண்டா றைமன் ஆகிய இருவரும் நொதியமொன்றை இக்குமிழிகளில் அடைத்து எலிகளின் உடலிற் செலுத்தினர். குமிழி மருந்தூர்தியாகலாம் என்னும் எண்ணம் அப்போது வலுப்பெற்றது.

ஆனால் நிரப்புவது எங்ஙனம்? மருந்து கரைந்த நீரிற் கொழுப்பைச் சேர்ப்பதே அக்கால வழக்கம். குளத்தில் அமிழ்த்திய குடம் தன்னளவு நீரையே கொள்ளும். எஞ்சியது குளத்திலேயே கிடக்கும். அவ்வாறே மருந்திற் பெரும்பகுதி குமிழிக்குப் புறத்தே தங்கி வீணாயிற்று.

இக்குறை ஏட்டளவினதன்று. டொக்சோரூபிசின் என்னும் செந்நிற மருந்து பல்வகைப் புற்றுநோய்களுக்கு எதிராக வலிமை வாய்ந்தது; எனினும், ஏற்றிய அளவு கூடக்கூட இதயத் தசையைச் சிதைப்பது. புற்றை அடக்கிய மருந்தே இதயத்தை வீழ்த்துமாயின் நோயாளிக்கு எய்தும் பயன் யாது? எரூசலேமில் அல்பேட்டோ கபிசோனும் யெகெஸ்கேல் பாரன்ஹோல்சும் 1980களில் இம்மருந்தைக் குமிழியின் சுவரிலேயே பதித்து நோயாளருக்கு ஏற்றிப் பார்த்தனர். குருதியிற் கலந்ததும் மருந்து விரைந்து கசிந்துவிட்டது.

வழியைக் காட்டியது இரசாயனவியலின் எளிய உண்மையொன்றே. டொக்சோரூபிசின் ஒரு மென்மூலம். ஏற்றமற்ற நிலையில் அது கொழுப்புச் சுவரை ஊடுருவும். அமிலத்தைச் சேர்ந்தால் ஐதரசன் அயனைப் பெற்று மின்னேற்றமடையும். பின்னர் அச்சுவரைக் கடத்தல் அரிது. ஆகவே குமிழியின் உள்ளே அமிலத்தை வைத்து, வெளியே மருந்தைச் சேர்த்தாற் போதும். பறியினுட் புகுந்த மீன் மீளாதவாறு போல மருந்து உள்ளே திரளும். இத்தகைய பொருள்கள் குமிழியினுட் சேர்தலை டேவிட் டீமர் முதலியோர் 1972இலேயே காட்டியிருந்தனர். அதனை மருந்தேற்றத்திற்குப் பயன்படுத்தி, கனடாவின் வன்கூவரில் லோறன்ஸ் மேயர், மார்செல் பாலி, பீற்றர் கலிஸ் என்போர் 1986இல் டொக்சோரூபிசினை ஏற்றிக் காட்டினர். சேர்த்த மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு குமிழியுட் புகுந்தது.

எரூசலேம் அறிஞர் இதனை வேறொரு வகையாற் செய்தனர். அவர்கள் உள்ளே வைத்தது அமோனியஞ் சல்பேற்று. அமோனியா வெளியேற, உள்ளே அமிலம் எஞ்சுகிறது. புகுந்த மருந்தோ சல்பேற்றுடன் கூடிப் பளிங்காக இறுகுகிறது. ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்திலொரு பங்கினும் சிறிய குமிழியொன்றில் மருந்தின் 10,000க்கு மேற்பட்ட மூலக்கூறுகள் அடங்கின. ஐக்கிய அமெரிக்காவில் 1995இல் இம்மருந்து அங்கீகாரம் பெற்றது. இதயத்திற்கு விளையும் கேடு குறைந்தது. ஆயினும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் சிவந்து புண்ணாகும் புதியதொரு துன்பம் தோன்றியதை மறைத்தல் நேர்மையன்று.

கலிஸ் குழுவினர் பின்னர் இதே தத்துவத்தைத் தலைகீழாக்கினர். இம்முறை அமிலத்தில் மின்னேற்றம் பெற்றது மருந்தன்று, கொழுப்பே; அது எதிரேற்றமுடைய ஆர்.என்.ஏ. இழையைப் பற்றிக்கொண்டது. பரம்பரை நரம்பு நோயொன்றுக்கு 2018இல் அங்கீகாரம் பெற்ற மருந்தும், 2020இல் வெளிவந்த கொரோனாத் தடுப்பூசிகள் சிலவும் இவ்வகைத் துணிக்கைகளிலேயே நிரப்பப்பட்டன.