துண்டிலிருந்து தொலைபேசி வரை

பணம் கைமாறும் முறையை வெறும் தொழில்நுட்பமாக நோக்குதல் பொருந்தாது. அதனுள் சமூக உறவுகள் உறைந்துள்ளன. கண்டியைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களின் வரலாறு இதற்குச் சான்று பகரும்.

கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின்னரும், துரைக்கும் தொழிலாளருக்கும் இடையே கங்காணி நின்றார். அவர் வழங்கிய முற்பணம் கடனாய் வளர்ந்தது. இன்ன தொகை செலுத்தப்படின் ஆட்களை விடுவிப்போம் எனத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே 'துண்டு'. கடனோடு மனிதரும் கைமாறினர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. ஆயினும் பெயர் பதியும் அதிகாரம் கணக்கப்பிள்ளையிடமே தங்கிற்று. பெண்ணின் சம்பளத்தை ஆண் பெற்றுவரும் வழக்கமும் நெடுங்காலம் நிலவிற்று.

2012இல் டயலொக் நிறுவனம், மத்திய வங்கியின் அனுமதியுடன், 'ஈசி கேஷ்' சேவையைத் தொடங்கியது. வங்கிக் கணக்கின்றியே, சாதாரணக் கையடக்கத் தொலைபேசியாற் பணம் அனுப்பவும் சில்லறைக் கடையிற் பெறவும் வழி பிறந்தது. கொழும்பிலே உழைக்கும் மகன் கலகாவிலுள்ள தாய்க்கு உடனே பணம் அனுப்பலாம்.

இது முன்னேற்றமே. எனினும் பதிவுக்கு அடையாள அட்டை வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து நாடற்றோராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நாளை தோட்டக் கூலியும் தொலைபேசிவழி வருமாயின், கணக்கு யார் பெயரில், பிடித்தங்கள் எம்மொழியில் என்பனவே அடிப்படை வினாக்கள். கொழுந்து பறிப்பவள் தன் பெயரில், தமிழில், தானே வாசித்தறியும் கணக்கைப் பெறாவிடின், துண்டு வேறு வடிவிலே தொடரும் என்பதே எமது கருத்து.