கால் லிட்டர் திராட்சரசம்



வெளியே உறைபனி, உள்ளே கணப்பில் நெருப்பு, மேசையின்மேல் ஒரு கிண்ணம் செந்நிறத் திராட்சரசம். ஐரோப்பியக் குடும்பங்கள் பலவற்றிற்கு இது குளிர்கால இரவின் இன்பம். குடியினால் தாலியும் வீடும் இழந்த குடும்பங்களை அறிந்த நமக்கோ, அக்காட்சி நெஞ்சை நெருடும். அந்த இன்பத்தையும் இந்த ஆபத்தையும் ஒருங்கே உணர்ந்திருந்த ஒரு கூட்டத்தாரின் சரித்திரத்தை இவ்வாரம் சிந்திப்போம்.

கி.பி. 1098-இல் மொலேம் மடத்தின் தலைவராயிருந்த ராபர்ட், ஏறத்தாழ 20 துறவிகளோடு பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள சீட்டோவில் புதிய மடம் ஒன்றை நிறுவினார். ஜெபமும் எளிமையும் கைவேலையும் அவர்களுடைய நெறி. சீட்டோ சதுப்பு நிலம். ஆகவே, அடுத்த நூற்றாண்டில் அருகிலிருந்த வூஜோ சரிவில் நிலங்களைப் பெற்றுத் திராட்சத்தோட்டம் அமைத்தனர். தோட்டத்தைச் சுற்றிய கல்மதில் 1336-இல் நிறைவுற்றது. அதற்குள் அடங்கியது ஏறத்தாழ 50 ஹெக்டேர்.

இன்று அங்கு விளைவது ‘பினோ நுவார்’ என்னும் கருந்திராட்சை. இலையுதிர்காலத்தில் பறித்த பழங்களைத் தோலுடன் நொதிக்க விடுவார்கள். தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்கும். பழத்தின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிடும். கிறிஸ்துமஸ் நாட்களில் நம் வீடுகளில் செய்யப்படும் இனிப்பு ரசத்தைப் போன்றதன்று இது. இனிப்பற்றது, நாவில் நெடுநேரம் நிற்பது. ஓக் மரப் பீப்பாய்களில் அது அமைதியாக முதிரும் குளிர்காலத்தில், வெளியே கொடிகளைக் கத்தரிக்கும் வேலை நடைபெறும்.

இந்த ரசத்தை உண்டாக்கியவர்களின் குளிர்கால இரவு எப்படிப்பட்டது? சமையலறையையும் நோயாளிகளின் அறையையும் தவிர்த்தால், மடத்தில் நெருப்பு எரிந்தது கணப்பறை ஒன்றில்தான். ஏறத்தாழ இரண்டு மணிக்கே எழுந்து, குளிர்ந்த ஆலயத்தில் அவர்கள் ஜெபித்தார்கள்.

அவர்கள் பின்பற்றியது ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் வகுத்த ஒழுங்கு. அதன் 40-ஆம் அதிகாரம் பானத்தின் அளவைப் பற்றியது. பிறருக்கு அளவு விதிக்கத் தயங்கியே எழுதுகிறார் பெனடிக்ட். ஆயினும் பலவீனரை எண்ணி, நாளொன்றுக்கு ஒரு ‘ஹெமினா’ போதும் என்கிறார். அது ஏறத்தாழ கால் லிட்டர். விலகியிருக்கும் வரத்தைத் தேவனிடம் பெற்றவர்களுக்குத் தனிப்பலன் உண்டென்று சேர்க்கிறார். கடும் உழைப்போ வெயிலோ இருந்தால் தலைவர் அளவைக் கூட்டலாம். ஆனால் வெறிகொள்ளுதல் நுழையாதபடி காக்க வேண்டும். இறுதியில், ரசமே கிடைக்காத இடத்தில் வாழ்பவர்கள் முறுமுறுக்காமல் தேவனைத் துதிக்கட்டும் என்று முடிக்கிறார்.

பிரியமானவர்களே, இதில் இரு பக்கத்தாருக்கும் போதனை உண்டு. பெனடிக்ட் ரசத்தைப் பாவமென்று இகழவில்லை. அது மனிதனை வெல்லாதென்று நம்பவுமில்லை. குடியைத் தொடாதவர் தம்மைப் பரிசுத்தரென்று எண்ணிப் பிறரை அற்பமாய் எண்ண வேண்டாம். விலகியிருப்பது வரம், விருதன்று. ‘ஒரு கிண்ணந்தானே’ என்பவர், ஒரு கிண்ணத்தோடு நிற்கமுடியாத சகோதரன் தம்முடன் பந்தியில் இருக்கிறானா என்று பார்க்கட்டும். அவனுக்கு முதல் கிண்ணமே கண்ணியாகும். அவன் நிமித்தம் நாமும் விலகுவது அடிமைத்தனமன்று, அன்பு.

பிரெஞ்சுப் புரட்சியின்போது அத்தோட்டம் துறவிகளின் கையைவிட்டுப் போயிற்று. இன்று அது ஏறத்தாழ 80 உரிமையாளரிடையே பங்கிடப்பட்டிருக்கிறது. அதன் ரசத்தின் விலையோ சாமானியருக்கு எட்டாது. ஆனால் அந்த 40-ஆம் அதிகாரத்தின் ஞானத்திற்கு விலையில்லை. கிடைத்ததை அளவோடும் நன்றியோடும் பெறவும், கிடைக்காதபோது முறுமுறுக்காதிருக்கவும், பலவீனரை மறவாதிருக்கவும் கர்த்தர் தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.