ஏழாயிரம்பண்ணையில் இல்லாத ஒரு கடை

இன்னைக்கு எபிசோடை நான் ஏமாந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2024 தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி, இன்ஸ்டாகிராம்ல ஒரு பட்டாசு விளம்பரம். ஃபேக்டரி விலை, 80% தள்ளுபடி. முகவரி ஏழாயிரம்பண்ணை, விருதுநகர் மாவட்டம். அது என் சித்தப்பா ஊர். அந்தப் பேரைப் பார்த்ததுமே நம்பிட்டேன். யுபிஐ-ல 4,800 ரூபாய் அனுப்பினேன். மறுநாள் லாரி வாடகைன்னு இன்னொரு 1,200. அதுக்கப்புறம் அந்த நம்பரை யாரும் எடுக்கவே இல்லை.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். கடைப் பேரைக் கேட்டவர், "அப்படி ஒரு கடை இங்கன கிடையாதேப்பா"ன்னார்.

யோசிச்சுப் பார்த்தா, அந்த ஆள் என்கிட்ட காட்டின ஒரே சரக்கு ஊர்ப்பேருதான். ஆனா அந்தப் பேருக்கு மதிப்பு வர நூறு வருஷம் ஆகியிருக்கு. 1922-ல சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்குப் பின்னாலேயே பட்டாசும் அச்சுத்தொழிலும் வளர்ந்தன. சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைன்னு சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் வேலை பரவுச்சு. கையில கரிமருந்தோட, உயிரைப் பணயம் வச்சு உழைச்ச ஜனங்கதான் அந்தப் பேரைச் சம்பாதிச்சுக் கொடுத்தாங்க. அதைத் திருட ஒரு போலி வெப்சைட் போதும்.

ஆனா ஊர்ப்பேரு மட்டும் என்னை ஏமாத்தலை. 2018 அக்டோபர் 23 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்குல, இ-காமர்ஸ் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கவும் விற்கவும் தடை போட்டது. அதனால பெரிய தளங்கள்ல பட்டாசு கிடைக்காது. ஆனா கேட்கிறவங்க குறையலை. கடைக்காரர்கள் சிலர் வேற வழி பிடிச்சாங்க. விலைப்பட்டியலை வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. நாம முன்பணத்தை அக்கவுண்ட்ல போடணும். பட்டாசைத் தபால்ல அனுப்ப முடியாதுங்கிறதால, சரக்கு லாரி ஆபீசுக்கு வரும், நாமதான் போய் எடுக்கணும். 80% தள்ளுபடியும் அப்படித்தான். அச்சிட்ட விலையை ஏத்தி வச்சுத் தள்ளுபடி கொடுக்கிறது அங்கே நிஜக் கடைகள்லயும் வழக்கம்.

ஆக, முகம் தெரியாத ஆளுக்கு முன்பணம் போட நாம முன்னாடியே பழகியிருந்தோம். திருடன் புதுசா எதையும் கண்டுபிடிக்கலை. இருந்த பழக்கத்தை அப்படியே நகலெடுத்தான், அவ்வளவுதான். 'பேராசைப்பட்டு ஏமாந்துட்டாங்க'ன்னு ஊர் சொல்றது பாதி உண்மைதான்.

நம்ம அம்மாக்கள் காலத்துலயும் தீபாவளிச் சீட்டு மோசடி இருந்துச்சு. மாசாமாசம் பணம் கட்டி, தீபாவளி சமயத்துல போய்ப் பார்த்தா வீடு பூட்டிக் கிடக்கும். ஆனா அங்கே ஒரு முகம் இருந்துச்சு, ஒரு கதவு இருந்துச்சு. போய் நின்னு சத்தம் போடலாம். 1997-ல தமிழ்நாட்டுல முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் வந்துச்சு. இன்னைக்கு நாம எந்தக் கதவைத் தட்டுறது?

கதவு இல்லாத குற்றத்துக்கும் தண்டனை வாங்கிக் கொடுத்த ஊர்தான் சென்னை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல வந்தது. 2004-ல ஒருத்தன் யாஹூ குழுவுல ஒரு பெண்ணோட பேரைப் பயன்படுத்தி ஆபாசச் செய்திகள் போட்டான். அந்தப் பெண் புகார் கொடுத்தாங்க. சென்னை போலீஸ் தேடிப் பிடிச்சாங்க. ஏழு மாசத்துக்குள்ள, அதே வருஷம் நவம்பர்ல, எழும்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்துச்சு. அந்தச் சட்டத்தின் 67-ஆவது பிரிவுல நாட்டிலேயே முதல் தண்டனைன்னு அதைச் சொல்வாங்க. அங்கேயும் திருடப்பட்டது ஒரு பேருதான். ஆனா அந்தப் பெண் வெட்கப்பட்டு ஒதுங்கலை.

நான் ஒதுங்கிட்டேன். 'ஆன்லைன்ல பட்டாசு வாங்கினதே தப்போ'ன்னு பயம், ஆபீஸ்ல சிரிப்பாங்களேன்னு கூச்சம். அஞ்சு நாள் கழிச்சுதான் 1930-க்குப் போன் பண்ணினேன். பணம் போன கணக்கு அதுக்குள்ள காலி.

இதுல புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான். 1930-ல நாம கொடுக்கிற தகவல் உடனே வங்கிகளுக்குப் போகும். பணம் இன்னும் ஏதாவது ஒரு கணக்குல இருந்தா அதை நிறுத்தி வைப்பாங்க. திருடனோ அதைக் கணக்கு கணக்கா மாத்திக்கிட்டே இருப்பான். இந்த ஓட்டப்பந்தயத்துல நிமிஷக் கணக்குதான் நம்ம பலம், வெட்கம்தான் அவன் பலம். சைபர்கிரைம்.கவ்.இன் தளத்துலயும் புகார் பதியலாம். ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்தினா 66டி பிரிவுப்படி மூணு வருஷம் வரைக்கும் சிறை. 2018 தடையும் விற்கிற தளங்களுக்குத்தான். அதை நினைச்சு நாம புகார் கொடுக்காம இருக்க வேண்டியதில்லை.

பணம் போகாம இருக்கவும் வழி இருக்கு. அனுப்புறதுக்கு முன்னாடி யுபிஐ திரையில வர்ற பேரைப் படிங்க. கடைப் பேரு ஒண்ணு, கணக்குப் பேரு வேறன்னா அங்கேயே நிறுத்துங்க. அதைவிட நல்லது, உங்க ஏரியாவுல லைசென்ஸ் வாங்கின கடையில சரக்கைப் பார்த்து வாங்குறது.

சித்தப்பா கடைசியா ஒண்ணு சொன்னார். "உனக்கு ஆறாயிரம் போச்சு, சரி. இனிமே எங்க ஊர்ப்பேரைச் சொன்னா எவன்டா நம்புவான்?"

அவருக்கு என்கிட்ட பதில் இல்லை. நான் அன்னைக்கே 1930-ஐக் கூப்பிட்டிருந்தா, எனக்கு அடுத்து அதே விளம்பரத்தைப் பார்த்தவருக்காவது உதவியிருக்கலாம்.