பசையா, ஸ்பிரிங்கா? திரையில் இடம் பிரித்த கதை

இந்த எபிசோடுக்கு ஒரு சாதாரண டயலாக் பாக்ஸை எடுத்துக்குவோம். மேலே ஒரு கேள்வி. கீழே வலது ஓரத்துல ‘ஓகே’, ‘கேன்சல்’னு ரெண்டு பட்டன். இப்போ அந்த விண்டோவோட மூலையைப் பிடிச்சு அகலமா இழுக்கறீங்க. கூடுதலா ஒரு 200 பிக்சல் இடம் கிடைச்சிருக்கு. அது யாருக்குச் சேரணும்? பட்டன்கள் பெரிசாகணுமா? ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி கூடணுமா? இல்ல, பட்டன்கள் அதே அளவுல வலது ஓரத்தோட ஒட்டிக்கிட்டு நகரணுமா?

ஒரு வகையில இது பாகப்பிரிவினைதான். இருக்கிற இடத்தை யாருக்கு எவ்வளவு பிரிச்சுக் கொடுக்கிறது? இதுக்கு ஒழுங்கான பதில் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆச்சு. அந்தப் பதில் கணினித் திரையிலிருந்து வரலை, புத்தகம் அச்சடிக்கிற வேலையிலிருந்து வந்தது.

ஆணி அடித்த காலம்

1984-ல் வந்த முதல் மேக்கிண்டாஷின் திரை 512-க்கு 342 பிக்சல். கறுப்பு, வெள்ளை மட்டும்தான். எல்லா மேக்கிலும் அதே திரை, அதே அளவு. அதனால ஒரு பட்டனை எங்க வைக்கணும்னு புரோகிராமர் நான்கு எண்களைக் கொடுத்தால் போதும்: மேல், இடது, கீழ், வலது. சுவரில் ஆணி அடிச்சுப் படம் மாட்டுற மாதிரி. அன்றைக்கு அதில் எந்தத் தப்பும் இல்லை. வீடு மாறாதவரைக்கும் ஆணியும் மாற வேண்டாம்.

விண்டோஸுக்கு அந்த வசதி கிடையாது. 1985-ல் முதல் பதிப்பு வந்தப்போ, அது ஓட வேண்டிய கணினிகளைப் பல நிறுவனங்கள் செய்தன, திரைகளும் பல விதம். அதனால டயலாக் பாக்ஸை விண்டோஸ் பிக்சலில் அளக்காமல் எழுத்தால் அளந்தது. சராசரி எழுத்தகலத்தில் நாலில் ஒரு பங்கு, குறுக்குவாட்டில் ஒரு அலகு. எழுத்துயரத்தில் எட்டில் ஒரு பங்கு, நெடுக்குவாட்டில் ஒரு அலகு. ஃபாண்ட் பெரிசானால் டயலாக் பாக்ஸும் சேர்ந்து பெரிசாகும். நல்ல யோசனைதான். ஆனா பட்டன் மேலே எழுதியிருக்கிற வார்த்தையே நீளமானால்? அதுக்கு அந்த அளவுமுறையில் பதில் இல்லை.

1991-ல் விஷுவல் பேசிக் வந்தது. பட்டனை மவுஸால் இழுத்து, வேணும்கிற இடத்துல போடலாம். புரோகிராமிங் படிக்காதவங்ககூட ஒரு மதியத்துல ஒரு ஃபார்ம் செஞ்சிடலாம். அதனாலதான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது. நம்ம ஊர் பில்லிங் சாஃப்ட்வேர்களில் அந்த ஃபார்ம்களை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கேன். விண்டோவை மேக்ஸிமைஸ் பண்ணினா எல்லாப் பெட்டிகளும் இடது மேல் மூலையிலேயே குந்தியிருக்கும், மீதித் திரை முழுக்க சாம்பல் நிற மைதானம். புதுசா வந்த இடத்தை யாருக்குக் கொடுக்கணும்னு யாரும் சொல்லி வைக்கலை, அவ்வளவுதான்.

ஒரு பேராசிரியரின் கோபம்

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். 1977. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், தன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகளைப் பார்க்கிறார். பழைய ஈய எழுத்துகள் போய், புது ஒளிப்பட அச்சுக்கோப்பு வந்திருந்தது. பக்கம் அவருக்குச் சகிக்கவில்லை. ‘நானே ஒரு அச்சுக்கோக்கும் புரோகிராம் எழுதிடறேன்’னு உட்கார்ந்தார். அதுதான் டெக். சீக்கிரம் முடிஞ்சுடும்னு நினைச்ச வேலை பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது.

டெக்கில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு பெட்டி, ஒவ்வொரு வரியும் ஒரு பெட்டி. பெட்டிகளுக்கு நடுவில் இருக்கிற வெற்றிடத்துக்கு அவர் வைத்த பெயர் பசை. ஒவ்வொரு பசைக்கும் மூன்று அளவுகள்: இயல்பாக எவ்வளவு இடம் வேணும், எவ்வளவு நீளலாம், எவ்வளவு சுருங்கலாம். வரியின் இரு ஓரமும் நேராக வரணும்னா, மீதி இடத்தை டெக் பசைகளுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுக்கும்.

எவ்வளவு வேணும்னாலும் நீளக்கூடிய பசையும் உண்டு. அதை ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் வைத்தால் சொல் வலது ஓரத்துக்குப் போகும். ரெண்டு பக்கமும் வைத்தால் சொல் நடுவில் நிற்கும். எங்கே நிற்கணும்னு எந்த எண்ணும் கொடுக்க வேண்டாம். நம்ம ‘ஓகே’, ‘கேன்சல்’ பிரச்சினைக்கு விடை இங்கேயே இருக்கு, கவனிச்சீங்களா?

கவனித்தவர்களும் அதே ஸ்டான்ஃபோர்டில்தான் இருந்தாங்க. 1980களில் மார்க் லிண்டன், ஜான் விலிசிடஸ், பால் கால்டர் மூவரும் சேர்ந்து இண்டர்வியூஸ் என்ற கருவித்தொகுப்பை சி பிளஸ் பிளஸில் எழுதினார்கள். டெக்கின் பெட்டியையும் பசையையும் அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்து இருந்த இடத்தில் பட்டன், வரி இருந்த இடத்தில் விண்டோ. கிடைமட்டப் பெட்டி ஒன்று எடு, முதலில் நீளும் பசை வை, அப்புறம் ‘ஓகே’, ஒரு சின்ன இடைவெளி, ‘கேன்சல்’. விண்டோவை எவ்வளவு இழுத்தாலும் கூடுதல் இடம் முழுக்கப் பசைக்குப் போகும், பட்டன்கள் வலது ஓரத்திலேயே நிற்கும்.

11 கேள்விகள்

பெர்க்லியில் ஜான் அவுஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே-வும் இன்னொரு பாதையில் இதே இடத்துக்கு வந்தது. பைத்தானில் டிகேஇன்டர் தொட்டவங்களுக்கு அதன் ‘பேக்’ தெரிஞ்சிருக்கும். அதில் பட்டன் தன் அளவைத் தானே தீர்மானிப்பதில்லை. ‘எனக்கு இவ்வளவு வேணும்’னு கேட்கும், இடத்தைப் பிரிக்கிற மேலாளர்தான் முடிவு பண்ணும்.

1996-ல் ஜாவா வந்தபோது இந்த யோசனை கட்டாயமாச்சு. ஒரே புரோகிராம் விண்டோஸ், மேக், சோலாரிஸ் எல்லாத்திலும் ஓடணும். ஒவ்வொன்றிலும் பட்டனும் ஃபாண்டும் வேற வேற அளவு. எண்ணைக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. அதனால ஃப்ளோ, பார்டர், கிரிட்பேக்னு பல லேஅவுட் மேனேஜர்களை ஜாவா கொடுத்தது. கிரிட்பேக்கில் ஒரு பட்டனை வைக்க 11 அளவுகளை நிரப்பலாம்: எந்தக் கட்டம், எத்தனை கட்டம், எவ்வளவு எடை, எந்தப் பக்கம் சாயணும், சுற்றி எவ்வளவு ஓரம்... கேட்கவே மூச்சு வாங்குது இல்ல? காலேஜ் லேபில் பலர் லேஅவுட்டையே அணைச்சுட்டுப் பழையபடி ஆணி அடிக்கப் போனதில் ஆச்சரியமே இல்லை. உறவைச் சொல்வது சரியான வழி. ஆனா இழுத்துப் போடுவது சுலபமான வழி. ரெண்டையும் சேர்க்கும் முயற்சியாக 2006-ல் நெட்பீன்ஸ் ஒரு புது வடிவமைப்புக் கருவியைக் கொண்டுவந்தது. மவுஸால் இழுத்துப் போடுங்க, உறவுகளை அது எழுதிக்கொள்ளும்.

வார்த்தையை யார் தேர்ந்தெடுப்பது?

இதெல்லாம் புரோகிராமர் தலைவலி, நமக்கென்னன்னு தோணலாம். மொழிபெயர்ப்புப் பக்கம் வாங்க. ‘அன்டூ’ங்கிறது ஆங்கிலத்தில் நாலே எழுத்து. தமிழில் ‘செயல்தவிர்’. ‘செட்டிங்ஸ்’ என்பது ‘அமைப்புகள்’. நம்ம எழுத்துக்கு உயரமும் கூட வேணும்: ‘தீ’யில் மேலே ஒரு சுழி, ‘கூ’வில் கீழே ஒரு வால். ஆங்கிலத்துக்கு அளந்து ஆணி அடித்த பட்டனில் தமிழ் வைத்தால் பாதிச் சொல் வெட்டுப்படும்.

மொழிபெயர்ப்பில் கொஞ்ச காலம் கைவைத்தவன் என்பதால் சொல்றேன். பட்டன் அகலம் மாறாதுன்னா, சரியான சொல்லை விட்டுட்டு, இடத்துக்குள் அடங்கும் சொல்லைத் தேட வேண்டியிருக்கும். அதாவது, தமிழே தெரியாத ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து கொடுத்த ஒரு எண், நாம எந்தத் தமிழ்ச்சொல்லைப் பயன்படுத்தலாம்னு முடிவு பண்ணிடுது.

பார்வை மங்கி எழுத்தைப் பெரிசாக்கிப் படிப்பவருக்கும் இதே கதை. அரபியும் ஹீப்ருவும் வலமிருந்து இடம் போகும், அங்கே முழு விண்டோவும் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பணும். ஆணி அடித்தது திரும்பாது. பெட்டியும் பசையும் திரும்பும். க்யூடி, ஜிடிகே போன்ற கருவித்தொகுப்புகள் அதைத் தாமாகவே செய்கின்றன. க்யூடியில் கட்டிய கேடிஈ, ஜிடிகே-வில் கட்டிய க்னோம் ரெண்டையும் தன்னார்வலர்கள் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, நீளமான சொற்களுக்காக விண்டோக்களைப் புதுசாக வரைய வேண்டியிருக்கவில்லை. புரோகிராமர் கற்பனைகூடப் பண்ணாத ஒருவருக்கும் அதில் இடம் இருந்தது.

2011-ல் ஆப்பிள் மேக்கில் இன்னொரு படி போனது. ‘இந்த ஓரமும் அந்த ஓரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும்’ போன்ற நிபந்தனைகளைச் சொன்னால் போதும். 1990களில் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய கசோவரி என்ற கணக்குமுறை விடையைக் கண்டுபிடிக்கும். அந்த எண்ணத்தின் வேர், 1963-ல் இவான் சதர்லண்ட் எம்ஐடியில் செய்த ஸ்கெட்ச்பேட் வரை போகும். அது தனி எபிசோட், பிறகு பேசலாம்.

முடிக்கும் முன் ஒரு சின்ன சுவாரஸ்யம். பசைன்னு சொன்னது சரியான பெயர் இல்லை, ஸ்பிரிங் என்றிருக்கணும்னு கனூத்தே எழுதியிருக்கார். ஆனா அதற்குள் பசை ஒட்டிக்கிச்சு. க்யூடி டிசைனரைத் திறந்து ஒரு ஸ்பேஸரை இழுத்துப் போட்டுப் பாருங்க: திரையில் வருவது ஒரு ஸ்பிரிங் படம்.

உங்க வீட்டுப்பாடம் இதுதான். தினமும் பயன்படுத்தும் ஒரு சாஃப்ட்வேரைத் தமிழுக்கு மாத்துங்க, எழுத்தைப் பெரிசாக்குங்க, விண்டோவை இழுத்துப் பாருங்க. எந்தப் பட்டனில் சொல் வெட்டுப்படுதுன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைச் செய்தவங்களுக்கே அனுப்பிடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.