தோட்டத் துண்டாடலும் மனப் பதற்றமும்



தோட்டத் துண்டாடலின் விளைவுகளைக் கேட்டால், 'வேலை போச்சு, வீடு போச்சு' என்று உடனே எழுதிவிடுவீர்கள். சரிதான். ஆனால் வேலை போவதற்கு முந்திய மாதங்களில் அந்த மக்கள் எப்படித் தூங்கினார்கள்? அதை யாரும் எழுதுவதில்லை.

1957 சுதந்திரத்தை ஒட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். சிறு நிலக்காரருக்கு அத்தனை ஆள் எதற்கு? லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்திருக்கிறார். ஆசிரியர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

இப்போது ஒரு பால்வெட்டுத் தொழிலாளியாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். விடியலில் பெரட்டுக்குப் போகிறீர்கள். "நம்ம தோட்டத்தையும் விக்கப் போறாங்களாம்" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். எப்போது, யாருக்கு என்று தெரியாது. பயத்துக்கு ஒரு முகம் உண்டு. பதற்றத்துக்கு அது இல்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இது இன்னும் கடுமை. 1948 ஜூன் 16 அன்று அங்கே மூன்று தோட்டத் துரைகள் கொல்லப்பட்டதை அடுத்து வந்த அவசரகாலம், 1960 ஜூலையில்தான் முடிந்தது.

வெளியே சொல்லி அழவும் முடியாது. ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911-இல் திறந்த மனநல மருத்துவமனையால் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரே நம்மவரிடம் கேலிச் சொல்லாகிவிட்டது. இன்றும் வகுப்பில் கேட்கிறோமே!

அதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். 'கவலைப்படாதீங்க' என்ற வெறும் ஆறுதலோடு அவர் நிற்கவில்லை. 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் 10 வெள்ளி கேட்டார். அன்றைய கூலிக்கு அது பெரிய காசு. ஆனாலும் கொடுத்தார்கள். இரவெல்லாம் புரண்டு படுத்தவனுக்குச் செய்ய ஒரு காரியம் கிடைத்தது. அதைத் தனியாகச் செய்யவும் வேண்டியதில்லை. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. எல்லாத் தோட்டங்களையும் மீட்க முடியவில்லை என்பதையும் பதிலில் சேர்த்து எழுதுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், துண்டாடல் நடந்த வருடத்தைக் கேட்காதீர்கள். அந்தச் செய்தி காதில் விழுந்த ராத்திரி வீட்டில் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள்.