தூண்டில் கம்பின் நூல்கட்டும் அதன் மேல் பூச்சும்

பாரூர் ஏரிக்கரையில் தூண்டில் போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் குச்சி, நுனியில் தங்கூசி, ஒரு தக்கை, மண்புழு. அவ்வளவுதான். வளையம் கிடையாது, ரீல் கிடையாது. அதனால் நூல்கட்டும் இல்லை, அதன் மேல் வார்னிஷும் இல்லை.

ரீல் வைத்த கம்பு ஒன்றை நானே செய்து பார்க்கலாம் என்று போன ஐப்பசியில் உட்கார்ந்தேன். நரம்பு ஓடும் வளையங்களை மூங்கிலில் பட்டு நூலால் இறுக்கிச் சுற்றி, அதன் மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பூசினேன். வெளியே மழை. காலையில் பார்த்தால் பூச்சு முழுக்கப் பால் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்று அதில் படிந்து அரக்கை வெளுக்க வைக்கிறது. ஏன் அரக்கு, ஏன் பட்டு என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

1840களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் பிலிப்பி என்பவர் மூங்கிலைச் சிம்புகளாகப் பிளந்து ஒட்டிக் கம்பு செய்தார் என்பார்கள். அந்தக் காலத்துக் கம்புகளுக்குப் போன மூங்கில் எது தெரியுமா? 'கல்கத்தா மூங்கில்'. பெயர் கப்பல் ஏறிய துறைமுகத்தோடது. நம்ம தேன்கனிக்கோட்டைப் பக்கக் காடுகளில் இருக்கும் கல்மூங்கில் வகைதான் அது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சீனாவின் டோங்கின் மூங்கில் வந்து அதை ஓரங்கட்டியது.

சிம்புகளை ஒட்டியது மிருகப் பசை. சூட்டிலும் ஈரத்திலும் இளகிவிடும். பசையை நம்ப முடியாததால்தான் பழைய கம்புகளில் வளையம் இல்லாத இடத்திலும் நெருக்க நெருக்கமாக நூல்கட்டு. அழகுக்குச் சுற்றியது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். இல்லை, கம்பே அந்தக் கட்டில்தான் நின்றது. நூலில் தண்ணீர் இறங்கினால் கட்டு தளரும், சிம்பு விலகும், பெரிய மீன் இழுக்கும்போது கதை முடிந்தது. அப்படியானால் பூச்சுதான் உண்மையில் கம்பைக் காத்தது. 1940களுக்குப் பிறகு செயற்கைப் பிசின் பசைகள் வந்ததும் இந்த இடைக்கட்டுகள் தேவையில்லாமல் போயின.

எண்ணெய் வார்னிஷை நேராகப் பட்டு நூலில் பூசினால் நூல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சிவப்பு பழுப்பாகத் தெரியும். நிறம் நிற்க, முதலில் மெல்லிசாக அரக்கு. ஆனால் அரக்குக்குத் தண்ணீர் ஆகாது, அதனால் மேலே வார்னிஷ். ஒன்றின் குறையை இன்னொன்று மூடுகிறது. அந்த அரக்கும் பெரும்பாலும் சோட்டா நாக்பூர் காட்டுப் பூச்சி தந்தது. (பாண்டவர்களை எரிக்கப் பார்த்த அதே சரக்குதான்.)

மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹெச்.எஸ். தாமஸ் 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார்; 1887-ல் ஏரி, குளத்தில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒரு புத்தகம். காட்டில் மூங்கில் வெட்டியவர், அரக்கு சுரண்டியவர் கதையை எழுத அப்படி ஒரு தாமஸ் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இப்போது எல்லாம் எபாக்ஸி. இரண்டு பாகம் கலந்து பூசி, வழியாமல் இருக்கச் சின்ன மோட்டாரில் கம்பை மெதுவாகச் சுழல விட வேண்டும். நான் அதற்குப் போகவில்லை. பழைய பூச்சைச் சுரண்டி, மாசி வெயில் வரும்வரை காத்திருந்து மறுபடி அரக்கு பூசினேன். வெளுக்கவில்லை. மேலே மூன்று கை வார்னிஷ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் இடைவெளி. ஏரியில் அதில் இதுவரை மாட்டியது ஒரே ஒரு ஜிலேபி மீன்.