அரசவையில் ஒரு தொழிற்சாலை

தொழில்நுட்ப நிறுவனங்களின் பேராசையையும் அதிகாரப் போட்டியையும் எள்ளிநகையாடும் புனைகதைகளைப் பற்றிப் பேசுவோர் டேவ் எகர்ஸின் 'த சர்க்கிள்' (2013) போன்ற அண்மைக்கால நாவல்களையே முதலில் சுட்டுவர். ஆனால் இவ்வகை அங்கதம் கணினிக்கு மிக முந்தியது. 1889இல் வெளிவந்த மார்க் ட்வைனின் 'ஆர்தர் மன்னரின் அரசவையில் ஒரு கனெக்டிகட் யாங்கி' என்ற நாவலை அதன் முன்னோடிகளுள் ஒன்றெனத் துணிந்து கூறலாம்.

துப்பாக்கித் தொழிற்சாலையொன்றின் மேற்பார்வையாளனான ஹாங்க் மோர்கன், மண்டையில் அடிபட்டு மயங்கி, ஆறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கண்விழிக்கிறான். சூரிய கிரகணத்தை முன்கூட்டியே சொல்லி உயிர்தப்பும் அவன், மந்திரவாதி மெர்லினைப் பின்தள்ளி, 'பொஸ்' என்ற பட்டத்துடன் நாட்டையே நடத்துகிறான். தொலைபேசி, பத்திரிகை, புகையிரதம் யாவும் வருகின்றன. மாவீரர்கள் சவர்க்கார விளம்பரம் சுமக்கிறார்கள். வட்டமேசை பங்குச்சந்தையாகிறது. புகையிரதப் பங்குகளில் லான்சலொட் ஆடிய சூதே உள்நாட்டுப் போருக்கு வித்திடுகிறது. மின்வேலியாலும் இயந்திரத் துப்பாக்கிகளாலும் 25,000 பேரைக் கொன்று வென்றவர்கள், ஈற்றில் அந்தப் பிணக்குவியலின் நடுவிலேயே சிறைப்படுகிறார்கள்.

இதை எழுதியவரின் நிலை என்ன? இளமையில் அச்சுக்கோப்பாளராக இருந்த ட்வைன், ஜேம்ஸ் பேஜ் என்பவர் உருவாக்கிவந்த அச்சுக்கோர்க்கும் இயந்திரத்தில் 1880 முதல் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். நாவலும் இயந்திரமும் ஒரே நாளில் நிறைவுற வேண்டுமென 1888இல் ஆசைப்பட்டார். சுமார் 18,000 உறுப்புகள் கொண்ட அவ்வியந்திரத்தைக் கழற்றுவதிலும் திருத்துவதிலுமே பேஜின் காலம் கழிந்தது. இதற்கிடையில், 1886இலேயே 'நியூயோர்க் ட்ரிபியூன்' பத்திரிகையில் இயங்கத் தொடங்கிவிட்ட மெர்கந்தாலரின் லைனோடைப் சந்தையைக் கைப்பற்றியது. ட்வைன் இழந்தது ஏறத்தாழ 300,000 டொலர். 1894இல் அவரது பதிப்பகமும் முறிந்தது.

கடனடைக்க உலகெங்கும் உரையாற்றப் புறப்பட்டவர், 1896 ஜனவரியில் கொழும்பிலும் வந்திறங்கினார். இங்குள்ள மக்களின் உடைகளிற் கண்ட வண்ணங்களை வியந்து தமது பயண நூலில் எழுதினார். 1898இல் கடன் முழுவதும் தீர்ந்தது.

இயந்திரம் மக்களை உய்விக்கும் என்ற நம்பிக்கையும், அதன் சாவி தன் கையிலேயே இருக்கவேண்டும் என்ற ஆசையும் ஒரே நெஞ்சிற் குடியிருக்கக் கூடியவை. ஹாங்க் மோர்கனிடம் ட்வைன் காட்டுவது இதைத்தான். அந்த மயக்கத்தை அவர் தம்மளவிலும் அறிந்திருந்தார். அதனாலேயே 'பொஸ்' மீது அவர் காட்டும் நகைப்பில் பரிவும் கலந்திருக்கிறது. இத்துறை சார்ந்த அங்கதத்தைத் தமிழில் எழுத முனைவோர் இந்நாவலிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பரிவையே.